இயற்கை வேளாண்மை ஆங்கிலச் சொற்கள் மனதில் நிற்க

வணக்கம் சார். ஒத்தக்கடைப் பக்கம் வேளாண் டிப்ளமோ மாணவர்களுக்குச் சொல் பட்டியல் கொடுத்தும் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பட்டியலை ஓரங்கட்டிவிட்டு, பஞ்சகவ்யம் தயாரிக்கிற இடத்திலேயே வகுப்பை வையுங்கள். சாணத்தையும் நெய்யையும் பிசைந்து 3 நாள் வைத்து, காலை மாலை கிளறுவார்கள் இல்லையா? அங்கேயே மிக்ஸ், ஸ்டிர், ஃபெர்மென்ட் வந்துவிடும். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கலக்கும்போது டைல்யூட், ஸ்ப்ரே. கிளறுகிறவனே அடுத்தவனுக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும். இலக்கணத்தை அப்போது திருத்தப் போகாதீர்கள், வாயை மூடிக்கொள்வான்.

இயற்கை விளைபொருள் என்று சான்றிதழ் வாங்குவதற்கான சொற்கள்தான் கொஞ்சம் வறட்சி. கன்வெர்ஷன் பீரியட், அதாவது ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் காலம், நெல்லுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, மல்லிகை மாதிரிப் பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு. பஃபர் ஸோனுக்கு, அதாவது பக்கத்து வயல் ரசாயனம் வராமல் ஓரத்தில் விடும் இடைவெளிக்கு, 'பக்கத்து வயல்காரர் யூரியா போட்டால் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். மேலூர்ப் பையன்கள் சண்டைக்கே வருவார்கள். அதையும் ஆங்கிலத்தில் போடச் சொல்லுங்கள்.