மில்ஃபோர்ட் சவுண்டை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா?

கேள்வி: அக்டோபரில் நியூசிலாந்து போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், எழுபதை நெருங்கும் மாமனார், மாமியார். குயின்ஸ்டவுனில் நான்கு இரவு தங்குகிறோம். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்டுக்கு வாடகைக் காரில் போய் அன்றே திரும்ப முடியுமா? மழை பெய்தால் படகுப் பயணத்தை ரத்து செய்துவிடலாமா?

பதில்: முடியும். ஆனால் பெரியவர்களையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அப்படிப் போகாதீர்கள். வரைபடத்தில் இரண்டு இடமும் பக்கத்தில்தான் தெரியும். நடுவில் மலைத்தொடர், குறுக்கே சாலை இல்லை. தெற்கே இறங்கி, தே அனாவ் ஊர் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். ஒரு வழிக்கே சுமார் 290 கி.மீ., நிற்காமல் ஓட்டினால் நாலு மணி நேரம். திரும்பும்போது, ஓட்டுகிறவர் களைத்திருக்கும் நேரத்தில், மறுபடி அதே மலைப்பாதை.

நான்கு இரவில் இரண்டைத் தே அனாவுக்கு மாற்றிவிடுங்கள். அங்கிருந்து மில்ஃபோர்டுக்கு 120 கி.மீ.தான். காலைப் படகுக்குச் சீட்டு எடுத்தால், குயின்ஸ்டவுன் பேருந்துகள் வந்து சேர்வதற்குள் நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள். வழியில் எக்ளிண்டன் பள்ளத்தாக்கையும் கண்ணாடி ஏரிகளையும் நின்று பார்க்கலாம். அந்த ஏரிக்கரையில் மரப்பலகைப் பாதை இருக்கிறது, மாமியாரும் சிரமமில்லாமல் நடப்பார். அதற்கப்புறம் வரும் ஹோமர் சுரங்கம் 1935இல் தொடங்கி 1954இல்தான் திறக்கப்பட்டது. பாறையைக் குடைந்த 1.2 கி.மீ. பாதை, மில்ஃபோர்ட் பக்கம் நல்ல சரிவாக இறங்கும், மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அதன் வாசலில் கேயா கிளிகள் காரிடம் வரும். மகள் கெஞ்சினாலும் தீனி போடவேண்டாம், அவற்றுக்கு அது கெடுதல்.

இரண்டாவது இரவை வீண்செலவாக நினைக்காதீர்கள். அக்டோபரிலும் பனிச்சரிவு அபாயத்தால் இந்தச் சாலையை மூடுவதுண்டு. ஒரு நாள் கையில் இருந்தால் மறுநாள் போய்க்கொள்ளலாம். காலையில் சாலை நிலவரம் பார்த்துக் கிளம்புங்கள். நவம்பர் வரை டயரில் மாட்டும் பனிச் சங்கிலி தேவைப்படலாம், காருடனே கேட்டு வாங்குங்கள். பெட்ரோலைத் தே அனாவிலேயே நிரப்பிவிடுங்கள், மதியச் சாப்பாட்டையும் அங்கேயே கட்டிக்கொள்ளுங்கள். வழியில் பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடைக்காது.

சரி, மழை. அதற்காக ரத்து செய்யவே செய்யாதீர்கள். ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் பெய்கிற இடம் அது. மில்ஃபோர்ட் ஒரு ஃபியோர்டு, அதாவது பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த இடம். இருபுறமும் நேராக எழும் பாறைச் சுவர்களில் மண் குறைவு, பெய்த நீர் அப்படியே கொட்டும். வெயில் நாளில் போவென், ஸ்டர்லிங் என்ற இரண்டு பெரிய அருவிகளைத்தான் நம்பலாம். நல்ல மழையில் நூற்றுக்கணக்கான அருவிகள் முளைத்து, மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே பல காணாமல் போகும். 1,692 மீட்டர் மைட்டர் சிகரம் மேகத்துக்குள் மறைந்தாலும் எனக்கு அந்த நாள்தான் பிடிக்கும். ஆளுக்கொரு மழைக்கோட்டு போதும். கரையில் கடிக்கிற சிறு ஈக்கள் அதிகம், பூச்சி விரட்டியை முன்கூட்டியே தடவிக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கும் பொழுதில் தே அனாவ் ஏரியைப் படகில் கடந்து மின்மினிப் புழுக் குகைக்குப் போங்கள், மகளுக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே ஓரிடத்தில் நன்றாகக் குனிந்து போகவேண்டும். முதுகுவலி இருந்தால் மாமனார் ஏரிக்கரையிலேயே இருந்துகொள்ளட்டும்.