கிளுவை வேலியைப் பிடுங்கலாமா?

வணக்கம் ஐயா,

எனக்கு வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமம்ங்க. தாத்தா காலத்துக் கொறங்காடு, அதாவது ஆடு மாடு மேய்கிற புல்லுக்காடு, நாலு ஏக்கர் இருக்கிறது. ஏழாவது படிக்கும் மகள் டிவியில் அமேசான் காட்டைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல மட்டும் ஏப்பா ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். மழையே சரியாகப் பெய்யாத ஊரில் தனி ஆள் என்னங்க செய்வது? காட்டைச் சுற்றி உயிர்வேலியாக நிற்கும் கிளுவை முள்மரங்களை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிடலாம் என்று வீட்டில் வேறு சொல்கிறார்கள்.

வாசகர், வெள்ளகோவில்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேலியைப் பிடுங்காதீர்கள்.

பாப்பாவை ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலையில் உங்கள் கொறங்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். உழவு படாத ஈர மண்ணில் குனிந்து தேடச் சொல்லுங்கள். ரத்தச் சிவப்பில், வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்டது போல ஒன்று ஊர்ந்து போகும். பட்டுப்பூச்சி. நாமெல்லாம் தீப்பெட்டிக்குள் புல்லைப் போட்டு வளர்க்கப் பார்த்தோமே, அதுதான். கால்களை எண்ணச் சொல்லுங்கள், எட்டு இருக்கும். பெயரில்தான் பூச்சி, உண்மையில் அது சிலந்தியின் உறவு. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்துவிட்டு, மழை விழுந்ததும் மேலே வருகிறது. அதே மழைக்குத்தான் ஈசலும் கிளம்புகிறது. பட்டுப்பூச்சிக்கு ஈசல் இரை. மண்ணுக்கடியில் கிடக்கும் ஒரு சின்ன உயிருக்கு மேலே மழை பெய்த சேதி எட்டுகிறதே, இதைவிடப் பெரிய அதிசயத்தை அமேசானில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்த வேலி. கோடையில் இலை ஒன்றுகூட இல்லாமல் செத்த குச்சி மாதிரி நிற்கும். நகத்தால் தோலைச் சுரண்டினால் உள்ளே பச்சை. ஒரு மழை போதும், தளிர் விட்டுவிடும். அதன் மேல் கோவையும் பிரண்டையும் ஏறும். அடியில் கவுதாரி பதுங்கும், ஓணான், கீரி, தவிட்டுக்குருவி என்று எத்தனை குடித்தனம்! கம்பி வேலியில் இதில் ஒன்றுக்காவது இடம் உண்டா?

கொறங்காட்டை வெறும் பொட்டல் என்று நினைப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. மேற்கு மலை மழையை மறித்துக்கொள்கிற இந்தச் சீமையில், கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேலத்தையும் வைத்தே காங்கயம் மாட்டையும் செம்மறியையும் வளர்த்த ஏற்பாடு அது. ஒரு காட்டில் மேய விட்டு, இன்னொரு காட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். வெள்வேலங்காயை ஆடு தின்னும், விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும். பூமி சூடாவதைப் பற்றிப் பேசுகிறோம். புல்வெளி காற்றிலிருந்து பிடித்து வைக்கும் கார்பனில் பெரும்பங்கு வேரிலும் மண்ணிலும் இருக்கிறது, கிளறினால் போய்விடும். சோலார் மின்சாரம் வேண்டியதுதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் சோலார் பலகை நடுவதற்காகக் கொறங்காட்டை வழித்தெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டடக் கூரைகள் எத்தனையோ கிடக்கின்றன.

தனி ஆள் என்ன செய்வது என்கிறீர்கள். ஒரத்துப்பாளையம் அணை உங்களுக்குப் பக்கம்தான். பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் 1992-ல் வந்த அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கியது. நொய்யல் பாசன விவசாயிகள் விடாமல் நீதிமன்றம் ஏறினார்கள். கழிவுநீரை வெளியே விடாமல் முழுக்கச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் இன்னும் தேறவில்லை, சரி. ஆனால் கேட்டவர்கள் நம்மைப் போன்ற காட்டுக்காரர்கள்தான்.

உங்கள் பங்குக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. வேலியில் சந்து விழுந்த இடங்களைப் பார்த்து வையுங்கள். மழைக்கு முன்னால் நல்ல கிளுவைப் போத்தாக (நடுவதற்கான கிளைத் துண்டாக) வெட்டி, நெருக்கி நடுங்கள். நடும்போது பாப்பாவும் கூட இருக்கட்டும். எத்தனை போத்து பிழைத்தது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.