எல்டி ஷாஃப்ட் மாத்தினதுல இருந்து பால் தள்ளியே போகுதா? சேலம் பூல் ஆட்டக்காரங்க கேள்விகளுக்கு என் பதில்

வணக்கம்ங்க. போன மாசம் ஐந்து ரோடு பக்கம் நாங்க ஆடுற இடத்துக்கு மூணு பேரு புது லோ டிஃப்ளெக்ஷன் ஷாஃப்ட்டோட (ஷாஃப்ட்னா க்யூ குச்சியோட முன் பாதி, லோ டிஃப்ளெக்ஷனைச் சுருக்கி எல்டின்னு சொல்வோம்) வந்தாங்க, ராத்திரி கிளம்பறப்ப மூணு பேருக்குமே மொகம் வாடிப் போச்சு, அதுல ஒரு தம்பி ஷாஃப்ட்டையே வித்துடறேன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான். அதனால கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொன்னேன், வந்ததுக்கெல்லாம் இங்க பதில் எழுதறேன். நான் 12 வருஷமா ஆடறேன், முதல்ல ஸ்னூக்கர், அப்புறம் பூல், கடைசி 5 வருஷமா எல்டி மட்டும்தான்.

அண்ணா, எல்டின்னு எல்லாரும் சொல்றாங்க, உண்மையில என்ன குறையுது? (அஸ்தம்பட்டி தம்பி)

சைடு போட்டு, அதாவது வெள்ளை பாலை (க்யூவால நாம அடிக்கற வெள்ளைப் பந்து) நடுவுல அடிக்காம ரைட்லயோ லெஃப்ட்லயோ தள்ளி அடிக்கறப்ப, அது நீ க்யூவை நீட்டின கோட்டுல போகாதுப்பா. ரைட் சைடு போட்டா கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளிப் போகும், லெஃப்ட் சைடு போட்டா ரைட்ல தள்ளும். இதுக்குப் பேரு ஸ்க்வர்ட், டிஃப்ளெக்ஷன்னும் சொல்வாங்க. டிப் (க்யூ நுனியில ஒட்டியிருக்கற தோல்) பாலைத் தொடறது ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான், அதுக்குள்ள ஷாஃப்ட்டோட முன் பக்கம் சில இன்ச் மட்டும்தான் பாலோட மல்லுக்கு நிக்குது. அந்த நுனி கனமா இருந்தா பாலைப் பக்கத்துல தள்ளும், லேசா இருந்தா ஷாஃப்ட் தானா ஒதுங்கிக்கும். அதனாலதான் நுனிக்குள்ள குடைஞ்சு, ஃபெரூலை (டிப்புக்குக் கீழ இருக்கற பூண்) சின்னதாக்கி லேசாக்கறாங்க. நிறைய பேரு ஷாஃப்ட் வளையறதால ஸ்க்வர்ட் குறையுதுன்னு நினைக்கறாங்க, விஷயம் நுனி எடையிலதான் இருக்கு. இன்னொண்ணு, குறையும்னுதான் சொல்றாங்க, சுத்தமா இல்லாமப் போகாது. அதை ஞாபகம் வச்சுக்கோ.

வாங்கி பத்து நாள் ஆச்சு. நேரா அடிச்சா விழுது, சைடு போட்டா ஒண்ணும் விழல. என் ஸ்ட்ரோக் கெட்டுப் போச்சா? (சூரமங்கலம்)

கெடலைங்க. நீங்க பழைய மேப்பிள் மர ஷாஃப்ட்ல எத்தனையோ வருஷம் ஆடியிருப்பீங்க, அத்தனை வருஷமும் கண்ணு தானாவே ஒரு கணக்கு போட்டுட்டு இருந்துச்சு. ரைட் சைடுன்னா பால் லெஃப்ட்ல ஓடும், அதனால கொஞ்சம் ரைட்ல எய்ம் பண்ணுன்னு உங்களுக்கே தெரியாம கை செஞ்சிட்டு இருக்கு. இப்ப ஷாஃப்ட் அவ்வளவு தள்றது இல்ல, ஆனா கை இன்னும் பழைய கணக்குலயே எய்ம் பண்ணுது. அதனால வெள்ளை பால் நீங்க போட்ட சைடு பக்கமாவே போய் விழுது.

இதை டேபிள்ல நீங்களே பார்க்கலாம். ஒரு பாலை லெஃப்ட் கார்னர் பாக்கெட்டுக்கு கட் பண்ணி (ஓரத்துல தொட்டுத் திருப்பி) அடிக்கறீங்கன்னு வச்சுக்கங்க. ரைட் சைடு போட்டா வெள்ளை பால் ரைட்ல ஒதுங்கி மெலிசாத் தொடும், அப்ப பால் பாக்கெட்டைத் தாண்டி லெஃப்ட் குஷன்ல (டேபிள் ஓர ரப்பர்) போய் இடிக்கும். அதே ஷாட்ல லெஃப்ட் சைடு போட்டா தடிமனாத் தொடும், பால் பாக்கெட் வரைக்கும் திரும்பாம முன்னாடியே எண்ட் குஷன்ல இடிச்சு நின்னுடும். ஒரு நோட்டுல எழுதுங்க, என்ன சைடு, மெலிசா தடிமனா, அவ்வளவுதான். இருபது ஷாட்டுல இதே மாதிரிதான் தப்பு வருதுன்னா ஸ்ட்ரோக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, எய்ம் மட்டும்தான் மாறணும். ரெண்டு பக்கமும் கலந்து தப்பினாத்தான் ஸ்ட்ரோக்கைப் பார்க்கணும்.

எவ்வளவு வித்தியாசம்னு கேட்டீங்கன்னா, ஒரு டிகிரி மாறினாலே 2 மீட்டர் தூரத்துல 35 மில்லிமீட்டர் தள்ளிடும், பூல் பாலோட விட்டமே 57 மில்லிமீட்டர்தான். அதனாலதான் கிட்ட இருக்கற பால் விழுது, நீள ஷாட்டுல சைடு போட்டா அடியோட மிஸ் ஆகுது.

நான் பின் கையைத் திருப்பி சைடு போடறவன். பழைய ஷாஃப்ட்ல கண்ணை மூடிட்டு அடிப்பேன், இப்ப சுத்தமா வரல. (குகை)

உங்களுக்குத்தான் இதுல அதிக கஷ்டம், அதனால விரிவாவே எழுதறேன். நடு பால்ல எய்ம் பண்ணிட்டு, பிரிட்ஜ் கையை (டேபிள் மேல ஊன்றி க்யூவைத் தாங்கற முன் கை) அசைக்காம பின் கையை மட்டும் நகர்த்தினா டிப் சைடுக்கு வரும், க்யூவும் அந்தப் பக்கமாக் கொஞ்சம் திரும்பும். க்யூ திரும்பறது ஒரு பக்கம், ஸ்க்வர்ட் தள்றது எதிர்ப் பக்கம், ரெண்டும் சமமா இருந்தா பால் நேராப் போகும். அது சமமாகற பிரிட்ஜ் நீளம் (பிரிட்ஜ் கைக்கும் வெள்ளைக்கும் நடுவுல இருக்கற தூரம்) ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் ஒண்ணு இருக்கு, பிவட் லெங்த்னு சொல்வாங்க. சாதா மேப்பிள்ல ஒரு சாண் பக்கமா இருக்கும், நம்ம பிரிட்ஜும் ஏறக்குறைய அதே அளவு, அதனால உங்களுக்குப் பொருந்திப் போச்சு. எல்டில அந்த நீளம் கூடிடும். நீங்க அதே ஒரு சாண் பிரிட்ஜ்ல திருப்பறீங்க, க்யூ தேவைக்கு மேல திரும்புது.

ஒரு டெஸ்ட் சொல்றேன். வெள்ளையை ஹெட் ஸ்பாட்ல (டேபிள்ல நாம பிரேக் அடிக்கற பக்கத்துப் புள்ளி) வைங்க, இன்னொரு பாலை எதிர் குஷனுக்கு முன்னாடி நட்ட நடுவுல வைங்க. நடுவுல எய்ம் பண்ணி, பின் கையால ரைட் சைடுக்குத் திருப்பி, க்யூவை முடிஞ்ச அளவு தாழ்த்தி, கொஞ்சம் வேகமா அடிங்க. மெதுவா அடிச்சா பால் வளைஞ்சு உங்களை ஏமாத்திடும். வெள்ளை ரைட்ல தள்ளிப் பட்டா பிரிட்ஜ் சின்னது, ரெண்டு விரக்கடை பின்னாடி வச்சு மறுபடி அடிங்க. லெஃப்ட்ல பட்டா பிரிட்ஜ் பெருசு. முழுசாப் பட்டா அதுதான் உங்க ஷாஃப்ட்டோட நீளம், ஷாஃப்ட்டுல அந்த இடத்துல ஒரு துண்டு டேப் ஒட்டி வச்சுக்கங்க.

ஆனா அந்த நீளம் ஒன்றரை சாணுக்கு மேல வந்துச்சுன்னா அவ்வளவு தூரத்துல பிரிட்ஜ் வச்சு ஒழுங்கா அடிக்க முடியாது. அப்ப முன் கையையும் சேர்த்துக்கணும். முதல்ல பிரிட்ஜ் கையை லேசா சைடுக்கு நகர்த்துங்க, மீதியைப் பின் கையால திருப்புங்க. எனக்கு முக்கால் பங்கு முன் கை, கால் பங்கு பின் கை சரியா வருது, உங்களுக்கு வேற அளவா இருக்கலாம், அதே டெஸ்ட்ல கண்டுபிடிச்சிடலாம்.

சார், ஏற்காட்டுல எஸ்டேட் பங்களாவுல ஒரு டேபிள் இருக்கு. கீழ சேலத்துல எல்டில நல்லா அடிக்கறேன், மேல வந்தா மெதுவா அடிக்கற சைடு ஷாட் மட்டும் விழறதே இல்ல.

அருமையான கேள்விங்க, இதுக்காகவே நான் ரெண்டு தடவை இருபது ஹேர்பின் வளைவு ஏறி வந்து ஆடிப் பார்த்திருக்கேன். டேபிள்ல குஷன் இருக்கறதால க்யூவோட பின் பக்கம் எப்பவும் கொஞ்சம் தூக்கித்தான் இருக்கும், அதனால சைடு போட்ட பால் முதல்ல ஸ்க்வர்ட்ல ஒரு பக்கம் ஓடி அப்புறம் சைடு பக்கமா வளைஞ்சு திரும்பும். இந்த வளைவுதான் ஸ்வெர்வ். ஸ்க்வர்ட் வேகத்தைப் பொறுத்து மாறாது, ஸ்வெர்வ் மாறும். வேகமா அடிச்சா பால் வளையறதுக்குள்ள போய் மோதிடும், மெதுவா அடிச்சா முழுசா வளைஞ்சுட்டுதான் மோதும்.

பழைய ஷாஃப்ட்ல மெதுவா அடிக்கறப்ப ஸ்க்வர்ட் ஒரு பக்கம் ஸ்வெர்வ் ஒரு பக்கம் இழுத்து ஏறக்குறைய கழிஞ்சு போயிடும், நீங்களும் நேரா எய்ம் பண்ணிப் பழகியிருப்பீங்க. எல்டில ஸ்க்வர்ட் குறைஞ்சு போச்சு, ஸ்வெர்வ் அப்படியே இருக்கு, அது ஜெயிச்சிடுது. அதோட ஏற்காடு 1500 மீட்டர் உயரம், மழைக் காலத்துல மூடுபனி ஜன்னல் வழியா உள்ளயே வந்து நிக்குது, நான் வந்த அன்னைக்கு துணியில உள்ளங்கையை வச்சா சில்லுன்னு ஒட்டிச்சு. ஈரத் துணியில பால் சீக்கிரம் பிடிமானம் ஆகி சீக்கிரமே வளையும். முடி இருக்கற ஸ்னூக்கர் துணி போட்ட டேபிள்னா இன்னும் அதிகம், சிமோனிஸ் 860 மாதிரி வழவழப்பான துணியில குறைவு.

செய்ய வேண்டியது, மெதுவா அடிக்கற ஷாட்டுல ரைட் சைடு போட்டா இலக்கு கொஞ்சம் லெஃப்ட்ல இருக்கட்டும், அதாவது பழைய வழக்கத்துக்கு நேர் தலைகீழ். க்யூவோட பின் பக்கத்தை நல்லாத் தாழ்த்துங்க. ஆடறதுக்கு முன்னாடி பாலை எல்லாம் காஞ்ச துணியால துடைங்க, ஈரமும் சாக் அழுக்கும் இருந்தா ரெண்டு பாலும் மோதற இடத்துல ஒட்டி இழுக்கும், தப்பு ஷாஃப்ட் மேல போயிடும். சைடு இல்லாமலே அடுத்த ஷாட்டுக்கு வெள்ளை வேணும்கற இடத்துல (பொசிஷன்) வந்து நிக்குதுன்னா அங்க சைடே போடாதீங்க, மலை டேபிள்ல நான் அப்படித்தான் ஆடறேன்.

எல்டில ஸ்பின் அதிகமா வரும்ல?

வராதுங்க. டிப் பால்ல எந்த இடத்துல படுதோ அதுதான் ஸ்பின்னை முடிவு பண்ணுது. நடுவுல இருந்து சுமார் 14 மில்லிமீட்டர் வரைக்கும் போகலாம், அதுக்கு மேல மிஸ்க்யூதான் (டிப் பால்ல வழுக்கிடும்), எந்த ஷாஃப்ட்டா இருந்தாலும்.

நான் ஸ்னூக்கர் ஆளு. 9.5 மில்லிமீட்டர் டிப் இருக்கற ஆஷ் மர க்யூலயே பூல் ஆடலாமா, அதுவே எல்டி மாதிரிதானே? (ஃபேர்லேண்ட்ஸ்)

பாதி சரி. நுனி மெல்லிசா இருக்கறதால எடை குறைவுதான், ஆனா பித்தளை ஃபெரூல் அதுல கொஞ்சத்தைத் திரும்பக் கூட்டிடுது. ஸ்னூக்கர் பால் 52.5 மில்லிமீட்டர், பூல் பால் அதைவிடப் பெருசு, கனமும் கூட, அந்தச் சின்ன டிப்பு சீக்கிரம் அமுங்கிப் போகும். ஆனா ஒண்ணு சொல்லணும், ஸ்னூக்கர்ல இருந்து வர்றவங்க எல்டிக்கு சீக்கிரம் பழகிடறாங்க, சைடை அளவாப் போடற பழக்கம் இருக்கறதால. 12 மில்லிமீட்டர் பக்கம் ஒரு ஷாஃப்ட் பாருங்க, 13-க்குத் தாவினா டிப் எங்க படுதுன்னே கண்ணுக்குத் தெரியாது.

கொண்டலாம்பட்டில தெரிஞ்ச லேத் பட்டறை இருக்குண்ணா, என் பழைய மேப்பிள் ஷாஃப்ட்டையே நுனியில குடைஞ்சு எல்டி ஆக்கிடலாமா?

வேண்டாம் தம்பி. நம்ம ஊரு லேத்காரங்க கை மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இரும்பு வேற மரம் வேற. ஒத்தை மரத்துல நுனியில இருந்து சில இன்ச் ஆழத்துக்கு மெல்லிசா ஓட்டை போடறப்ப டிரில் மரத்தோட ரேகைப் பக்கம் இழுத்துட்டுப் போயிடும், ஒரு பக்கச் சுவரு மெலிஞ்சு நாலு நாள்ல விரிசல் விடும். பிரிடேட்டர் 314 மாதிரி ஷாஃப்ட்ல 10 துண்டு மரத்தை ஒட்டிச் சேர்த்து அப்புறம்தான் குடையறாங்க, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கணும்னு.

பட்டறைக்காரர்கிட்ட வேற ஒரு உதவி கேளு. ஷாஃப்ட் வாங்கறதுக்கு முன்னாடி உன் பட்டோட (க்யூவோட பின் பாதி) ஸ்க்ரூவை அளக்கச் சொல்லு. 5/16-14-ம் 5/16-18-ம் தள்ளி நின்னு பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், மரை மட்டும் வேற, பலவந்தமா முறுக்கினா மரை போயிடும். மரை கேஜ் அவர்கிட்ட இருக்கும், ஒரு நிமிஷ வேலை.

மரமா கார்பனா? (மெய்யனூர்)

வெளியூரு மேட்ச் போறவரு, மலைக்கும் கீழயும் மாறி மாறி ஆடறவருன்னா கார்பன். ஈரத்துக்கு வளையாது, கை ஒட்டாது. 2016-ல பிரிடேட்டர் ரெவோ வந்ததுக்கு அப்புறம்தான் இது பெருசாப் பரவுச்சு. சத்தம் மட்டும் வேற மாதிரி இருக்கும், மரத்துல கேக்கற அந்த டொக் இருக்காது, சத்தத்தை வச்சு வேகம் கணிக்கறவங்களுக்கு ஒரு மாசம் தடுமாற்றம்தான். ஒரே டேபிள்ல ஆடறவருன்னா மரமே போதும், எனக்கு இன்னும் மரம்தான் பிடிக்குது.

பிரேக்கும் (ஆட்டத்தைத் தொடங்கற முதல் அடி) இதுலயே அடிக்கலாமா?

குடைஞ்ச மர ஷாஃப்ட்ல அடிக்காதீங்க, ஃபெரூல் வெடிக்கும். பிரேக்குக்கு கனமான சாதா ஷாஃப்ட்தான் நல்லதும்கூட, அந்த வேகத்துல பின் கை கொஞ்சம் ஆடினாலும் ஸ்க்வர்ட் அதைச் சரிக்கட்டிடும்.

என் பொண்ணுக்கு 13 வயசு, ஆறு மாசமா ஆடறா. எல்டி வாங்கித் தரலாமாங்க? (அம்மாப்பேட்டை அக்கா)

தரலாம்க்கா, அவ மறக்க வேண்டிய பழைய கணக்கு எதுவும் இல்ல, அதனால மாறற கஷ்டமே இருக்காது. ஆனா அவசரம் இல்ல. முதல்ல நடு பால்ல அடிச்சு வெள்ளையை நிறுத்தறது, ஸ்க்ரூ (வெள்ளையைப் பின்னாடி இழுக்கறது), ஃபாலோ (முன்னாடி ஓட விடறது) இதெல்லாம் வரட்டும், அதுவரைக்கும் எந்த ஷாஃப்ட்டா இருந்தாலும் ஒண்ணுதான். டிப் நல்லதா மாத்திக் குடுங்க, அதுல வித்தியாசம் உடனே தெரியும்.

எத்தனை நாள்ல பழகும்? நடுவுல மேட்ச் இருந்தா பழைய ஷாஃப்ட்ல ஆடலாமா?

ஆடாதீங்க. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். நான் மாறினப்ப மூணாவது வாரத்துல ஒரு மேட்ச், பயந்து பழைய ஷாஃப்ட்டை எடுத்தேன், அன்னைக்கு ரெண்டு கணக்கும் கலந்து போய் ரெண்டுமே வரல, அப்புறம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. தினம் ஒரு மணி நேரம் ஆடறவங்களுக்கு ஒன்றரை மாசம் வைங்க. முதல் வாரம் சைடே வேண்டாம். ரெண்டாவது வாரம் கால் டிப் சைடு (நடுவுல இருந்து டிப் அகலத்துல கால் பங்கு தள்ளி), ஒரே ஷாட், ஒரே தூரம், ஒரே வேகம், பால் வைக்கற இடத்துல பேப்பர் ரிங் ஒட்டி அதே இடத்துல திரும்பத் திரும்ப வைங்க. அது பத்துக்கு எட்டு விழுந்தாத்தான் வேகத்தை மாத்தணும், தூரத்தை அப்புறம். வேகமும் தூரமும் ஒண்ணா மாத்தினா எதனால மிஸ் ஆச்சுன்னு தெரியாது.

கடைசியா, பராமரிப்பு?

மர ஷாஃப்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, சுற்றளவு குறைஞ்சா திரும்ப வராது. லேசா ஈரமான மைக்ரோஃபைபர்ல துடைச்சு உடனே காஞ்ச துணியில துடைச்சாப் போதும், கார்பன்னா ஐசோபிரோப்பைல் ஆல்கஹால். டிப்பு வளைவு ஒரு ரூபா காயின் வளைவுக்கு இருக்கட்டும், காயினை டிப்புக்குப் பின்னாடி ஒட்டினாப்ல பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, ரெண்டோட வளைவும் ஒண்ணாப் பொருந்தணும். டிப் மாத்தறவர்கிட்ட ஃபெரூலைத் தொடாதீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. சித்திரை வெயில்ல க்யூவைக் கார் டிக்கில வச்சுட்டு பஜாருக்குப் போகாதீங்க, ஒட்டின பசை இளகிடும். கூடவே எடுத்துட்டுப் போங்க, கைப்பைதானே.