சிக்னல் ஃபுல்லு, அப்லோடு மட்டும் ஏன் நொண்டுகிறது?

கேள்வி: எங்கள் ஊர் கோயில் திருவிழாவை மூன்று வருடமாகப் போனிலேயே யூடியூபில் லைவ் போட்டு வருகிறேன். சிக்னல் கோடு எல்லாம் முழுசாகக் காட்டுகிறது. ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடு 60 எம்பிபிஎஸ், அப்லோடு 2-ஐத் தாண்டுவதில்லை. தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. வீட்டில் கிடக்கும் பழைய 3ஜி டாங்கிள் பெட்டியில் 'ஹெச்எஸ்யுபிஏ 5.76 எம்பிபிஎஸ்' என்று போட்டிருக்கிறது. அது அப்லோடுக்கென்றே இருந்த 'டெடிகேட்டட் சேனல்' என்று படித்தேன். அந்தத் தனி வழி இப்போது இல்லையா? காசு கொடுத்தால் கிடைக்குமா?

பதில்: அந்த டாங்கிள் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'டெடிகேட்டட்' என்ற சொல்தான் உங்களைச் சுற்றவிட்டிருக்கிறது.

3ஜி வந்த புதிதில் ஒரு போன் மேலே அனுப்பக்கூடிய வேகம் 384 கேபிபிஎஸ் வரைதான். யார் எவ்வளவு அனுப்பலாம் என்று முடிவு செய்வது டவர் அல்ல. பல டவர்களை மேய்க்கும் கன்ட்ரோலர், எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும். கேட்டு, பதில் வந்து சேர்வதற்குள் நிலைமையே மாறிவிடும். மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 'ரிலீஸ் 6' வெளியீட்டில் இதை மாற்றியது. முடிவெடுக்கும் வேலை டவருக்கே வந்தது. 2 மில்லி செகண்டுக்கு ஒரு முறை தகவல் பொட்டலம் போகலாம், கெட்டுப்போன பொட்டலத்தை டவரே உடனே திரும்பக் கேட்டு வாங்கலாம். இதன் பெயர் இ-டிசிஹெச், அதாவது மேம்படுத்தப்பட்ட டெடிகேட்டட் சேனல். பெட்டியில் இருக்கும் 'ஹெச்எஸ்யுபிஏ' இந்த ஏற்பாட்டுக்கு வழங்கும் பெயர், 5.76 அந்த வெளியீட்டில் அதன் உச்ச வேகம்.

சரி, இதில் உங்களுக்கென்று தனியாக இருந்தது எது? ஒரு குறியீடு, அவ்வளவுதான். 3ஜியில் எல்லாப் போன்களும் ஒரே 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும். ஒவ்வொன்றின் குறியீட்டையும் வைத்து டவர் பிரித்தெடுக்கும். பக்கத்து ஆளின் அப்லோடு உங்கள் அப்லோடுக்கு வெறும் இரைச்சல். அந்த இரைச்சல் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் யார் பேசுவதும் டவருக்குக் கேட்காது. ஆக, வழி தனி என்றாலும் சத்தம் பொது. அந்தச் சத்தத்தைத்தான் டவர் படியளந்து கொடுத்தது: 'நீ இவ்வளவு பவரில் அனுப்பலாம், அதற்கு மேல் வேண்டாம்.' இந்த அனுமதிக்கு கிராண்ட் என்று பெயர். கூட்டம் சேர்ந்தால் கிராண்ட் சுருங்கும். நீங்கள் நினைக்கிற மாதிரி பூட்டுப் போட்ட தனிப் பாதை அப்போதும் இருந்ததில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பொட்டலத்தோடும் போன் ஒரு பிட் (0 அல்லது 1) சேர்த்து அனுப்பும். அதன் அதிகாரபூர்வப் பெயரே 'ஹேப்பி பிட்'! கிடைத்த அனுமதி போதுமா, போதாதா என்று டவருக்குச் சொல்வது அதன் வேலை. அனுப்ப வேண்டியது நிறையத் தேங்கியிருந்து, கொடுத்த அனுமதியை முழுக்கப் பயன்படுத்தி, இன்னும் கூட்டி அனுப்பப் பவரும் மிச்சமிருந்தால்தான் போன் 'போதவில்லை' என்று சொல்லலாம். டவரிலிருந்து தள்ளி நின்று, முழு மூச்சில் கத்திக்கொண்டிருக்கும் போனிடம் பவர் மிச்சம் ஏது? எவ்வளவு தேங்கினாலும் அது 'சந்தோஷம்' என்றுதான் சொல்லியாக வேண்டும். கூடுதலாகக் கொடுத்தாலும் அதனால் வாங்கிக்கொள்ள முடியாது.

உங்கள் 2 எம்பிபிஎஸ் சிக்கலும் பாதி இதேதான். 4ஜியில் குறியீட்டு முறையும் போய்விட்டது, 'டெடிகேட்டட்' என்ற பெயரும் போய்விட்டது. அப்லோடு முழுக்கப் பொதுச் சேனல். போன் முதலில் 'அனுப்ப இருக்கிறது' என்று கை தூக்கும். எவ்வளவு தேங்கியிருக்கிறது, பவர் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். டவர் மில்லி செகண்டு கணக்கில் இடம் ஒதுக்கும். 5ஜியும் ஏறக்குறைய இதே வழிதான். ஆனால் போனின் தொண்டை மட்டும் பெரிதாகவில்லை. சாதாரண 4ஜி போனின் உச்ச பவர் 200 மில்லிவாட். டவரோ ஓர் அலைவரிசைக்கு 20, 40 வாட் என்று அனுப்பும். 100, 200 மடங்கு. திரையில் தெரியும் கோடுகள் டவர் பேசுவது போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பது அதில் தெரியாது. கோடுகளை நம்பி இடம் பிடிக்காதீர்கள்.

மீதிப் பாதி அலைவரிசை. 1800 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் (பேண்டு 3) மேலே போக 1710 முதல் 1785 வரை, கீழே வர 1805 முதல் 1880 வரை என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்ட தனி வழிக்கு இதுதான் கிட்டத்தில் வரும், ஊருக்கே பொது என்றாலும். 2300 பேண்டிலும் (பேண்டு 40) 5ஜியின் 3.5 கிகாஹெர்ட்ஸ் பேண்டிலும் அப்படி இல்லை. ஒரே பாதையில் மாறி மாறிப் போக்குவரத்து. அதில் பெரும்பங்கு நேரத்தை டவுன்லோடுக்குத் தருவதுதான் வழக்கம், மக்கள் பார்ப்பதுதானே அதிகம். பேண்டு 40-இல் பரவலாக உள்ள ஓர் ஏற்பாட்டில் 10 மில்லி செகண்டில் 2 மட்டுமே அப்லோடுக்கு. 60-க்கு 2 என்று நீங்கள் பார்ப்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 4ஜியில் உண்மையான 'டெடிகேட்டட்' ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். வோல்ட்டி (4ஜி வழியாகப் பேசும்) அழைப்பு வந்ததும் குரலுக்கு மட்டும் உத்தரவாதத்தோடு ஒரு தனி இணைப்பு திறக்கும், பேசி முடித்ததும் மூடும். உங்கள் யூடியூப் லைவ் அதில் ஏறாது. எல்லோருடைய வாட்ஸ்அப் வீடியோவும் நிற்கிற வரிசையில்தான் அதுவும் நிற்கும். பெரிய டேட்டா பேக் போட்டால் ஜிபி கூடும், வரிசையில் முன்னே போக முடியாது.

அப்புறம் என்னதான் செய்வது? திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பே தேரோடும் வீதியில் நடந்து, அப்லோடை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். தகரக் கூரைக்கும் கான்கிரீட் மண்டபத்துக்கும் அடியில் நிற்பதைவிட ஒரு மாடி ஏறி, டவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்பது எந்த ஆப்பும் தராத பலனைத் தரும். 5ஜியை அணைத்து 4ஜியில் மட்டும் ஒரு முறை அளந்து பாருங்கள். சில இடங்களில் அப்லோடு கூடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று கம்பெனி சிம்மில் இதே சோதனை. பேண்டைத் தேர்ந்தெடுக்க விடும் 4ஜி ரவுட்டர் கிடைத்தால் பேண்டு 3-ஐயும் தனியாகப் பாருங்கள்.

அளந்த அப்லோடில் பாதிக்கு மேல் பிட்ரேட் (வீடியோ நொடிக்கு அனுப்பும் தகவல் அளவு) வைக்காதீர்கள். 720பி தரத்துக்கு 2.5 எம்பிபிஎஸ் போதும். அதற்கு 5 எம்பிபிஎஸ் அப்லோடு கிடைக்கும் இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் 480பி போடுங்கள். நின்று நின்று வரும் எச்டியைவிட, நிற்காமல் ஓடும் 480பியைத்தான் வெளியூரில் இருப்பவர்கள் பார்ப்பார்கள்.

ஆனால் தேர் கிளம்பும் நிமிடத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போனைத் தூக்கினால், மேலே சொன்ன எதுவும் முழுசாகக் காப்பாற்றாது. அதற்கு ஒரே நல்ல வழி, வீதியில் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கும் ஒரு கடைக்காரரையோ வீட்டுக்காரரையோ பேசிவைத்து, அவர்கள் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் ஒரு வைஃபை வைப்பது.

பழைய டாங்கிளை முயற்சி செய்ய வேண்டாம். ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டது, வீயும் பல இடங்களில் மூடிவிட்டது, ஜியோ அதைத் தொடங்கவே இல்லை. பக்கவாட்டில் மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் கார்டு ரீடராக வைத்துக்கொள்ளுங்கள்.