பாட்டி வீட்டுப் பட்சணமும் குண்டு எழுத்தும்

கேள்வி: வீட்டிலேயே முறுக்கு, சீடை, அதிரசம் செய்து பாக்கெட் போட்டு விற்கிறேன். ‘பாட்டி வீட்டுப் பட்சணம்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். லேபிளுக்கு என் அக்கா மகன், கையால் வரைந்தது போல இருக்கும் குண்டு எழுத்துரு ஒன்றை எடுத்து வந்திருக்கிறான். பெயர், விலை, சேர்மானம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. “சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது, யார் நம்பி வாங்குவார்கள்?” என்கிறார் என் கணவர். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: பெயருக்கு அக்கா மகன் பேச்சைக் கேளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கணவர் பேச்சு.

உருண்டைச் சீடைக்கு உருண்டை எழுத்து பொருந்தத்தான் செய்யும். ஆனால் சேர்மானப் பட்டியலும் தயாரித்த தேதியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் துள்ளிக் குதிக்கக் கூடாது. இத்தகைய எழுத்துருக்களில் 6-ம் 8-ம் அண்ணன் தம்பி போல இருக்கும். சின்ன அளவில் அச்சானால் எது எதுவென்று தெரியாது. அவற்றைச் சாதாரண எழுத்தில் போட்டுவிடுங்கள்.

எழுத்துக்கும் குரல் உண்டு. காமிக் சான்ஸ் என்று உலகமே கேலி செய்யும் ஒரு ஆங்கில எழுத்துரு இருக்கிறதே, அது 1994-இல் பிறந்த கதை இதுதான். மைக்ரோசாஃப்ட் மென்பொருள் ஒன்றில் ஒரு கார்ட்டூன் நாய் பேசும். அதன் பேச்சு பத்திரிகை எழுத்தான டைம்ஸ் நியூ ரோமனில் இருந்தது. நாய் அப்படியா பேசும் என்று தோன்றி, அங்கே எழுத்துரு வடிவமைப்பாளராக இருந்த வின்சென்ட் கொனேர் வேறொன்றை வரைந்தார். நாய்க்கு வரைந்ததை ஊரே எடுத்து அலுவலகச் சுற்றறிக்கை வரை போட்டதால்தான் கெட்ட பெயர். நம் ஊரிலும் கண்ணீர் அஞ்சலி பேனரில் பலூன் எழுத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே எழுத்துரு செய்த பாவம் ஒன்றுமில்லை.

இனி உங்கள் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘பாட்டி’, ‘வீட்டு’, ‘பட்சணம்’ மூன்றிலும் ‘ட்’ இருக்கிறது. கையால் எழுதினால் மூன்றும் மூன்று விதமாக வரும். எழுத்துருவில் ஒரே கோணல், ஒரே சாய்வு, ஒரே இடத்தில் புள்ளி; ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ‘கையெழுத்து இல்லை’ என்று கண் கண்டுபிடித்துவிடும். டிசைன் செய்பவரிடம் பெயரைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் ‘கர்வ்’ (curve), அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றச் சொல்லுங்கள். அதன்பின் அது எழுத்து அல்ல, படம். ஒரு ‘ட்’டை லேசாகச் சாய்க்கலாம், இன்னொன்றின் புள்ளியை நகர்த்தலாம். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும் தொல்லையும் போயிற்று.

அடுத்தது ‘ண’. குண்டு எழுத்தில் கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்கும். பிளாஸ்டிக் உறையில் மை கொஞ்சம் பரவினாலே சுழி அடைத்துக்கொண்டு ‘பட்சனம்’ ஆகிவிடும். ஆகவே கணினித் திரையில் பெரிதாகப் பார்த்து மயங்காதீர்கள். உண்மையான அளவில் ஒரு லேபிள் அச்செடுத்து, பாக்கெட்டில் ஒட்டி, அலமாரியில் வைத்து, நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள்.

உங்கள் அக்கா மகன் அந்த எழுத்துருவை எங்கிருந்து எடுத்தான் என்றும் கேளுங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றில் பல ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வருபவை. நீங்கள் விற்பனை செய்கிறீர்கள். அது சொந்தப் பயன்பாடு ஆகாது. கூகுளின் எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள பலூ தம்பி 2, காய்னி இரண்டும் திறந்த உரிமம் கொண்டவை, கடைக்கும் லேபிளுக்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம். பலூ தம்பியில் தடிமன் பல படிகளில் கிடைக்கிறது. ‘ண’ அடைத்தால் ஒரு படி இறங்கிக்கொள்ளலாம். காய்னியில் ஒரே தடிமன்தான். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் எனக்குப் பிடித்தது, ஆனால் அது மெலிந்த, சாய்ந்த கையெழுத்து. பாக்கெட்டின் முகப்பில் சத்தம் போடாது.

கடைசியாக ஒன்று, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத் தேவை மூன்றே மூன்று சொற்கள். அதற்கு எழுத்துரு எதற்கு? ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோன சுவரெழுத்து ஓவியர் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் பெயரை நான்கைந்து தடவை எழுதித் தரச் சொல்லி, உரிய கூலி கொடுத்து, பிடித்ததை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ‘ண’வின் சுழியை மட்டும் கொஞ்சம் அகலமாக விடச் சொல்ல மறக்காதீர்கள்.