இந்திய ராணுவத்தின் பாரா எஸ்.எஃப். (பாராசூட் சிறப்புப் படை) எப்படி உருவானது? கருப்புப் பூனைப் படையும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. கருப்புப் பூனை என்கிற என்.எஸ்.ஜி. (தேசிய பாதுகாப்புப் படை) 1984-ல் வந்தது, உள்துறை அமைச்சகத்தின் கீழ். விமானக் கடத்தல், பிணைக்கைதி மீட்பு எல்லாம் அவர்கள் பாடு. பாரா எஸ்.எஃப். ராணுவத்தின் சொந்தப் பிள்ளை. எல்லை தாண்டிப் போய் அடித்துவிட்டுத் திரும்புவதுதான் அதன் பிரதான வேலை.

தொடக்கம் மேஜர் மேக் சிங். 1965 பாகிஸ்தான் போரில், விரும்பி வந்த வீரர்களைத் திரட்டி எதிரியின் முதுகுப்பக்கம் புகுந்தார். 'மேக்தூத் படை' என்று பெயர். அவருக்கு வீர் சக்ரா கிடைத்தது. அந்த அனுபவத்தை வீணாக்காமல் 1966 ஜூலை 1-ல் 9 பாரா கமாண்டோ என்ற படைப்பிரிவை உருவாக்கினார்கள். மறுவருடமே அதை இரண்டாகப் பிரித்து, 9 பாரா மலைக்கு, 10 பாரா பாலைவனத்துக்கு.

1971-ல் இரண்டுமே கணக்கைத் தீர்த்தன. பூஞ்ச் பகுதியில் பாகிஸ்தானின் 122 மி.மீ. பீரங்கிகள் தொல்லை கொடுத்தன. டிசம்பர் குளிரில், இருட்டில், பூஞ்ச் ஆற்றை இறங்கிக் கடந்து மண்டோல் கிராமத்துக்குப் போன 9 பாரா அவற்றை வெடி வைத்துத் தகர்த்தது. 10 பாராவோ ஜோங்கா என்கிற ஜீப் மாதிரி வண்டிகளில் மெஷின்கன் பூட்டி, சிந்து பாலைவனத்தில் சாச்ரோ வரை போய்த் தாக்கியது. தலைமை, ஜெய்ப்பூர் மகாராஜா லெப்டினன்ட் கர்னல் பவானி சிங். மகாவீர் சக்ரா வாங்கினார்.

நான் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவன். வடக்கே ஒரு முகாமில் எஸ்.எஃப். பையன்கள் சிலரும் எங்கள் லங்கரில்தான் (ராணுவச் சமையற்கூடம்) சாப்பிட்டார்கள். ஆஜானுபாகு யாருமில்லை. நம் தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன், பசியோடு வந்தாலும் முதலில் பூட்ஸைக் கழற்றி, விரல் விரலாகத் துடைத்துப் பவுடர் போட்ட பிறகுதான் தட்டைத் தொடுவான். கேலி செய்தேன். "எனக்குக் கொப்புளம் வந்தா மொத்த டீமும் நிக்கணும்ணே" என்றான். இந்தப் படையில் சேரத் தகுதி பார்க்கும் ப்ரோபேஷனில் பாதியிலேயே பழைய யூனிட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகமாம்.

யூடியூபில் இவர்களைப் பற்றி வரும் பெருமை வீடியோக்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வராது. 1987 அக்டோபரில் புலிகளின் தலைமையைப் பிடிக்க 10 பாராவை ஹெலிகாப்டரில் அங்கே இறக்கினார்கள். புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். கமாண்டோக்கள் சண்டை போட்டு வெளியே வந்தார்கள். கூட இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவின் வீரர்கள் 30 பேரில், உயிரோடு பிடிபட்டது ஒரே ஒருவர்; மற்ற எல்லோரும் இறந்தார்கள்.