புரண்டு படுத்தால் வரும் தலைச்சுற்றல்: காரணம் கழுத்தா, காதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. இரண்டு மாதங்களாகப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலோ, பரணில் உள்ள பாத்திரத்தை எடுக்க அண்ணாந்தாலோ வீடே சுழல்வதாகச் சொல்கிறார். அரை நிமிடத்தில் சுற்றல் நின்றுவிடுகிறது. குமட்டல் மட்டும் வெகுநேரம் இருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக உள்ளன. கழுத்து எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப்பட்டையும் தலைச்சுற்றல் மாத்திரைகளும் கொடுத்தார்கள். இன்னும் குணமாகவில்லை. மூளை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா?
வாசகி, கரூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் தாயாருக்கு ஸ்கேனைவிட முதலில் தேவைப்படுவது, காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துச் செய்யும் ஓர் எளிய சோதனை. தலையின் நிலை மாறும்போது மட்டும் வருவது, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுவது, கேட்கும் திறனைப் பாதிக்காதது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், பி.பி.பி.வி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் உட்செவிக் கோளாறுதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். தலைச்சுற்றலோடு வருபவர்களிடம் நாங்கள் மிக அதிகமாகக் காண்பதும் இதைத்தான்.

அறுபதைத் தாண்டிய எவருக்கும் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் ஓரளவு தேய்மானம் தெரியத்தான் செய்யும். அது வயதின் அடையாளம் என்பதற்கு மேல், தலைச்சுற்றலுக்கான காரணத்தை நிறுவிவிடாது. அண்ணாந்து பார்க்கும்போது சுற்றுவதால் பழி கழுத்தின்மேல் விழுகிறது. ஆனால் படுக்கையில் புரளும்போது தலையும் உடலும் பெரும்பாலும் சேர்ந்தே திரும்புகின்றன. கழுத்து தனியாக முறுக்கிக்கொள்வதில்லை. அப்போதும் வீடு சுழல்கிறது என்றால், தொல்லை கழுத்தில் இல்லை, புவியீர்ப்பை உணரும் உறுப்பில் இருக்கிறது என்றே கருத வேண்டும்.

அந்த உறுப்பு உட்செவியில் உள்ளது. அங்கே ஒரு சிறு பையினுள், பசை போன்ற படலத்தின்மேல், கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மூளை அறிவது இவற்றின் எடையால்தான். அதை ஒட்டியே, தலை சுழல்வதை உணரும் மூன்று அரைவட்டக் குழாய்கள் திரவம் நிரம்பியவையாக அமைந்துள்ளன. முதுமையாலோ, தலையில் அடிபட்டதாலோ, நீண்ட நாள் படுத்த படுக்கையாக இருந்ததாலோ, சில வேளைகளில் காரணம் ஏதும் புலப்படாமலோ, இத்துகள்களில் சில உதிர்ந்து, பெரும்பாலும் மூன்றில் தாழ்வாக உள்ள பின்பக்கக் குழாய்க்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. புரண்டு படுக்கும்போது அவை குழாய்க்குள் சரிந்து திரவத்தையும் உடன் இழுப்பதால், அசையாமல் படுத்திருக்கும் தலை வேகமாகச் சுழல்வதாக மூளைக்குப் பொய்யான செய்தி போகிறது. கண்மணிகளும் அதற்கேற்பத் துடிக்கின்றன. துகள்கள் நகரத் தொடங்கச் சில வினாடிகள் ஆவதால் சுற்றலும் சற்றுத் தாமதித்தே தொடங்கும். அவை அடியில் போய்ப் படிந்ததும் தானாக நின்றுவிடும்.

இப்படிப் பார்த்தால், மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பதும் விளங்கும். வழிதவறிய துகளை எந்த மாத்திரையும் நகர்த்தாது. அது சமநிலை உணர்வைச் சற்று மழுங்கச் செய்து, குமட்டலைத் தணிக்கும், அவ்வளவே. கடுமையான வாந்தி இருக்கும்போது இரண்டு மூன்று நாட்கள் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் சின்னரிசின், புரோக்ளோர்பெரசின் போன்றவற்றை முதியவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால், தூக்கக் கலக்கத்தால் கீழே விழும் வாய்ப்பு கூடுவதோடு, கைநடுக்கமும் நடையில் தளர்ச்சியும் பார்க்கின்சன் நோயைப் போலவே தோன்றக்கூடும். தாயார் உட்கொள்வது எந்த மருந்து என்று பார்த்து, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் அதை நிறுத்துவது பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சுற்றல் கழுத்திலிருந்து வரவில்லை என்பது உறுதியானால், அதற்காகப் பட்டை அணிய வேண்டியதும் இல்லை.

நான் சொன்ன சோதனையை லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்தார்கள். நோயாளியின் தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பிச் சட்டென்று பின்னால் படுக்கவைத்துக் கண்களைக் கவனிப்பார்கள். குறிப்பிட்ட விதமான துடிப்பு தெரிந்தால் நோய் உறுதி. சிகிச்சை அங்கிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மருத்துவர் ஜான் எப்ளி வகுத்து 1992இல் வெளியிட்ட முறைப்படி, தலையைப் பாதிக்கப்பட்ட பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் படிப்படியாகத் திருப்பி, பிறகு உடலையும் அதே திசையில் புரட்டி, ஒவ்வொரு நிலையிலும் சுமார் அரை நிமிடம் நிறுத்தி, கடைசியில் உட்காரவைக்கும்போது, துகள்கள் குழாயைச் சுற்றி வந்து பழைய பைக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. இவ்வளவு எளிய ஒன்றைச் சக மருத்துவர்களே தொடக்கத்தில் நம்பவில்லை என்பதில் வியப்பில்லை. இன்று பெரும்பாலானோர் ஓரிரு முறையிலேயே குணமடைகிறார்கள். சிகிச்சையின்போது சுற்றல் ஒருமுறை கடுமையாக வரும் என்பதைத் தாயாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பயந்து பாதியிலேயே எழுந்துவிடுவார்.

காணொளியைப் பார்த்து இதை வீட்டிலேயே முதன்முறையாகச் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் திருப்பினால் பயன் இராது. சில வேளைகளில் துகள் வேறொரு குழாய்க்குள் புகுந்துவிடும். கழுத்துத் தேய்மானத்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டால், தலையைத் தொங்கவிடாமல், பக்கவாட்டில் சாய்த்துச் செய்யும் மாற்று முறையை அவர் தேர்ந்தெடுப்பார்.

இனி ஸ்கேன். சோதனையில் நோய் தெளிவாகத் தெரிந்து, வேறு அறிகுறி இல்லாவிட்டால் அது தேவையில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை அகாதமி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஆனால் பேச்சு குழறுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, கை கால் வலுவிழப்பது அல்லது மரத்துப்போவது, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் தள்ளாடுவது, முன்பு அறியாத கடும் தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சுற்றலோடு வந்தாலும் பக்கவாதமாக இருக்கக்கூடும் என்பதால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அவசரமே. நாள் கடத்தினால் மருந்து பலிக்கும் வாய்ப்பு குறைந்துவிடும். காது அடைப்பும் இரைச்சலும் சேர்ந்து, மணிக்கணக்கில் நீடிக்கும் சுற்றல் மெனியர் நோயாக இருக்கலாம். அதற்கான சிகிச்சையே வேறு.

குணமான பிறகும் இது சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ திரும்பி வரக்கூடும். வந்தால் அதே சிகிச்சையை மறுபடியும் செய்துகொள்ளலாம். வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதைச் சரிசெய்தால் மீண்டும் வருவது குறைகிறது என்று தென் கொரியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு காட்டியிருப்பதால், அந்த இரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்வது நல்லது. சுற்றல் குணமாகும்வரை தாயார் முக்காலியில் ஏறிப் பரணைத் தொட வேண்டாம்; இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டே நடக்கட்டும்.

மருத்துவரிடம் போகும் நாளில் வயிறு நிறைய உண்ண வேண்டாம். துணைக்கு ஒருவர் உடன் செல்லுங்கள். சுற்றலைத் தணிக்கும் மாத்திரைகள் கண்துடிப்பை மறைத்துவிடக்கூடும் என்பதால், சோதனைக்கு முன் எத்தனை நாள் அவற்றை நிறுத்த வேண்டும் என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் வீட்டில் சுற்றல் வந்தால், தாயாரைக் கண்களைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி, அவற்றைக் கைப்பேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரே படத்தைவிட அது மருத்துவருக்கு அதிகம் உதவும்.